நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

நிறைமதி இந்த நாட்டுக்குப் பிரதமரான கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். கூட்டணி பலம் என்பார் ஒருவர், மேடைப் பேச்சு என்பார் இன்னொருவர், குருட்டு அதிர்ஷ்டம் என்று வயிற்றெரிச்சலோடு சொல்பவர்களும் உண்டு. எபநேசரைக் கேட்டால், எல்லாம் ஒரு தட்டு மக்ரூனில் தொடங்கியது என்பான். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடி மாநகராட்சியில் விளைவுக் கணிப்பானை இயக்குகிற வேலை. அரசாங்கக் காகிதங்களில்தான் அதற்கு அந்தப் பெயர். ஊரில் எல்லாரும் ஜாதகப் பெட்டி என்பார்கள். ஒரு திட்டத்தையோ சட்டத்தையோ அதற்குள் கொடுத்தால், ஒவ்வொரு குடிமகனைப் பற்றியும் அரசாங்கம் சேர்த்து வைத்திருக்கிற தகவல்களை எல்லாம் புரட்டி, அதனால் யார் எப்படி ஆவார்கள் என்று ஓட்டிப் பார்த்துவிடும். உடம்பு, வேலை, வீடு மட்டுமல்ல. யார் எதிர்த்துப் பேசுவார்கள், யார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவார்கள், யார் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போவார்கள் என்று மனிதர்களின் குணமும் அதற்கு அத்துப்படி. கடைசியில் இரண்டு எண்களைத் தரும். இத்தனை பேருக்கு நன்மை, இத்தனை பேருக்குக் கேடு. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் மன்றத்தில் கை தூக்குவார்கள், எபநேசர் டீ குடிக்கப் போவான்.

கடல் ஊருக்குள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வடக்குப் பகுதியில் தடுப்புச் சுவர் கட்ட ஒரு தீர்மானம் வந்தது. அறுபத்திரண்டாயிரம் பேருக்கு நன்மை, நாற்பத்தோரு குடும்பங்களுக்குக் கேடு என்றது பெட்டி. இதைவிட நல்ல ஜாதகம் அமையாது என்று மேயரே சொல்லிவிட்டார். உறுப்பினர்கள் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முதல் தடவை ஜெயித்து வந்தவள், உப்பளத்தில் கூலி வேலை பார்த்த சுடலைமுத்துவின் மகள், பெயர் நிறைமதி.

"அந்த நாப்பத்தோரு குடும்பம் யாரு?" என்று கேட்டாள்.

மேயர் எபநேசரைப் பார்த்தார். எபநேசர் தொண்டையைச் செருமிக்கொண்டான். "தெரியாது மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"பெட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். பேரு பேராத்தான் அது ஓட்டிப் பாக்குது. நாமதான் எண்ணிக்கைய மட்டும் வாங்கிக்கிடுதோம்."

"அப்போ பேரையும் வாங்குங்க தம்பி."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். பசி நேரத்தில் இது என்ன தொந்தரவு என்ற பெருமூச்சு அது. நிறைமதி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கல்யாணப் பத்திரிகைய தபால்ல போட்டா எத்தன பேரு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுதிய? நேர்ல வந்து கூப்பிடலன்னு சொந்த அண்ணன்கிட்ட பத்து வருசமாப் பேசாதவிய இந்த ரூமுக்குள்ளயே இருக்கிய. சோறு போடக் கூப்பிடதுக்கே நேர்ல போவணும்னா, சோத்துல மண்ணள்ளிப் போடதுக்கு நேர்ல போவ வேண்டாமா?"

அண்ணனோடு பேசாதவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே கிளம்பினாள். பட்டியலைப் படித்துச் சொல்ல எபநேசரையும் கூட்டிக்கொண்டாள். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, ஒருவர் வீட்டுக்குப் போகிறோமே என்று அவள் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். எபநேசர் பட்டியலைக் கசங்காமல் ஒரு பெரிய வெள்ளை உறையில் வைத்திருந்தான். அங்கேதான் தப்பு நடந்தது. காலை வேளையில் பட்டுச் சேலையோடு ஒரு பெண்ணும், கையில் உறையோடு ஒரு வாலிபனும் படியேறினால் நம் ஊரில் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

முதல் வீடு பனிமயத்தினுடையது. சின்னதாக ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள். வந்தவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வாங்க, வாங்க. தம்பிக்கா கல்யாணம்? எந்தக் கோயில்ல வச்சிருக்கிய?"

பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், மின்விசிறியைத் திருப்பிவிட்டாள், டப்பாவில் இருந்த முந்திரி மக்ரூனையெல்லாம் தட்டில் கொட்டி நீட்டினாள். எபநேசர் காலையில் சாப்பிடாமல் வந்தவன், இரண்டைத் தின்றுவிட்டான். மூன்றாவதை வாயில் போட்டபோதுதான் நிறைமதி விஷயத்தைச் சொன்னாள். சுவர் வந்தால் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும். மூன்று வருடத்தில் பாத்தியெல்லாம் சேறாகிவிடும்.

பனிமயம் நிறைமதியைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தாள். "இதச் சொல்லதுக்கா மக்ரூன் தின்னிய?"

எபநேசரால் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மாளிகைகளில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறான். அந்த மூன்றாவது மக்ரூன் இன்னும் தொண்டையிலேயே நிற்பதாகத்தான் அவனுக்கு நினைப்பு.

தெருவுக்கு வந்ததும் நிறைமதி சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு விதி சொன்னாள். இனிமேல் வாசலில் நின்றபடியே முதலில் செய்தியைச் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு முன்னால் உட்காரக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கேட்டபின் உட்கார் என்றால் உட்கார வேண்டும், வெளியே போ என்றால் போக வேண்டும். பின்னாளில் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறிய விதி அது. அதை எழுதியது சட்ட நிபுணர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் பனிமயமே மாநகராட்சிக்கு வந்தாள். அரைமணி நேரம் இரண்டு பேரையும் கிழி கிழி என்று கிழித்தாள். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, "ஆமா, பழைய ஓடைக்கு மேக்க ஒரு மடைய வச்சா தண்ணி ஏன் எங்க பக்கம் வருது? இஞ்சினியரு எங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது கேட்டாரா?" என்றாள்.

கேட்கவில்லை. மடையைச் சேர்த்து எபநேசர் மறுபடி ஓட்டிப் பார்த்தான். நாற்பத்தொன்று பதினேழாகக் குறைந்தது. அந்தப் பதினேழு வீடுகளுக்கும் நிறைமதி மறுபடி போனாள். இவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதை மழுப்பாமல் சொன்னாள், வாங்கிக் கட்டிக்கொண்டாள். சுவர் எழும்பியது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அவள் மனுத்தாக்கல் செய்யப் போனபோது கூடவே நடந்தவர்களில் அந்தப் பதினேழில் ஆறு குடும்பத்தார் இருந்தார்கள். எபநேசர் எண்ணிப் பார்த்தான். வேலையை விட்டுவிட்டு அவளோடு போய்விடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்கள் மாதிரி வீடு வீடாகப் போகிறார்களாம், அதனால் துட்டிக் கட்சி, அதாவது இழவுக் கட்சி, என்று பெயர் வைத்தார்கள். நிறைமதி அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். "துட்டிக்கு வாரவனத்தான ஊரு கடைசி வரைக்கும் ஞாபகம் வச்சிக்கிடும்" என்று மேடையில் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

முதலமைச்சரானதும் அவள் செய்த முதல் வேலை நேரில் சொல்லும் சட்டம். ஒரு மசோதா வந்தால் அதனால் கெடப்போகிறவர்களின் பெயர்களைப் பெட்டி கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்களை அவையில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். மசோதாவை ஆதரிக்கிற உறுப்பினர் ஒருவர் கை தூக்கி, இந்தப் பெயர் என்னுடையது என்று ஏற்க வேண்டும். ஏற்றவர் அந்த வீட்டுக்குத் தானே போய்ச் சொல்ல வேண்டும். கேட்டவர் என்ன சொல்கிறாரோ அது வாக்குமூலமாகச் சட்டத்தோடு சேர்ந்து அச்சாகும். சட்டத்தையே நிறுத்து என்பதைத் தவிர, அதில் கேட்கப்பட்டது எதையும் பிற்பாடு தட்டிவிட முடியாது. மூன்று முறை வாசித்தும் ஒரு பெயரை ஒருவரும் ஏற்காவிட்டால் மசோதா செத்தது.

முதல் வருடம் நான்கே மசோதாக்கள் நிறைவேறின. அரசாங்கம் தூங்குகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஓர் அமைச்சர் தருமபுரிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றுவிட்டு, வாயைத் திறக்க முடியாமல் திரும்பி வந்து தன் மசோதாவைத் தானே கிழித்துப் போட்டார். ஆனால் மூன்றாம் வருடத்தில் எல்லாருக்குமே ஒன்று தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியாத எதையும் எழுதாமல் இருக்க மசோதா எழுதுகிறவர்களே பழகிவிட்டிருந்தார்கள்.

டெல்லிக்கும் இது பரவும் என்று எபநேசர் நினைக்கவில்லை. மொழி வேறு, மனிதர்கள் வேறு என்றான். "கல்யாணத்துக்கு நேர்ல கூப்பிடாத ஊரு எங்கயாவது இருக்கால?" என்று கேட்டாள் நிறைமதி. அப்படி ஓர் ஊர் இருக்கவில்லை. அவள் மத்திய அமைச்சரானபோது அந்தச் சட்டமும் கூடவே டெல்லிக்குப் போனது. பாட்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சாலைத் திட்டத்தில் நிலம் போகவிருந்த ஒரு கிழவர், அவள் மொழிபெயர்ப்பாளரோடு வாசலில் நின்று சொன்னதைக் கேட்டுவிட்டு, என் வயதுக்கு அரசாங்கத்திலிருந்து முதன்முதலாக இப்போதுதான் ஒரு மனுஷி நேரில் வந்திருக்கிறாய் என்று அழுதார். அவருடைய நிலம் அந்தத் திட்டத்தில் போகத்தான் செய்தது. அவள் அதை மறைக்கவுமில்லை, அவர் அழுததை மேடையில் சொல்லி ஓட்டு வாங்கவுமில்லை. இந்த இரண்டாவது விஷயத்துக்காகவே எபநேசர் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தான்.

ஐம்பத்தோராவது வயதில் நிறைமதி பிரதமரானாள். எபநேசர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததோடு, பட்டியல் தயாரிக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். அவள் முன்போலவே அவனை ஏல என்றாள், அவன் அக்கா என்றான். பதவியேற்ற இரண்டாம் மாதம் அந்த மசோதா வந்தது.

மூச்சுக் காய்ச்சல் என்று ஒரு புது வியாதி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளாகப் பார்த்து வாரிக்கொண்டு போனது, ஒரே வருடத்தில் இரண்டு லட்சம். மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, நாட்டுக்கே போதுமான அளவு தயாரிக்கத்தான் இடம் இல்லை. அவ்வளவு சுத்தமான அறைகள் ஒரே ஓர் அரசுத் தொழிற்சாலையில்தான் இருந்தன. அங்கே நரம்பு தளர்ந்துபோகிற ஓர் அபூர்வ நோய்க்கான ஊசிமருந்து தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு அதை நிறுத்தி, அந்த இடத்தில் காய்ச்சல் மருந்தைத் தயாரிப்பதுதான் மசோதா. ஊசி இல்லாவிட்டால் அந்த நோயாளிகள் இரண்டு வருடம் தாங்க மாட்டார்கள். வெளிநாட்டில் கொஞ்சம் கிடைக்கும், செல்வாக்கு உள்ள நாலு பேருக்கு.

நிறைமதிக்கும் அந்த நோய்தான். மூன்று வருடங்களாகப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை முதுகில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அவள் மறைத்ததில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிப் புலம்பியதும் இல்லை. மசோதாவை எழுதச் சொன்னதும் அவளே.

எபநேசர் பெட்டியை ஓட்டினான். நன்மை, வருடத்துக்கு இரண்டு லட்சம் பிள்ளைகள். கேடு, நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர்களை ஊர் வாரியாக இறக்கிக்கொண்டே வந்தவன் தூத்துக்குடியில் நின்றுவிட்டான். எண் இருநூற்று எழுபத்தாறு. நிறைமதி, தகப்பனார் பெயர் சுடலைமுத்து.

பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். பிரதமருக்கா மருந்து கிடைக்காமல் போகும்? ஒரு வார்த்தை சொன்னால் நாலு நாடுகள் விமானத்தில் அனுப்பி வைக்குமே. மறுபடி ஓட்டினான், அதே பெயர் வந்தது. பிறகு ஒரு காரியம் செய்தான். அவளுக்குப் பதிலாக அந்த நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்து, அவருக்கும் அதே நோய் என்று வைத்து ஓட்டிப் பார்த்தான். பிறகு இன்னொருவர், இன்னொருவர். பதினோரு பேரைப் பார்த்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். பட்டியல் முத்திரையிட்டு அவைத் தலைவரிடம் போயாக வேண்டும், அதில் ஓர் எழுத்தைத் தொட்டால் குற்றம். மூன்று நாட்கள் அவளோடு வேறு வேறு வேலையாகப் பேசினான், சாப்பிட்டான், சிரிக்கக்கூடச் செய்தான். இதை மட்டும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வாசிப்பு நாளில் அவை நிரம்பியிருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆளுங்கட்சிப் பக்கம் கைகள் எழுந்துகொண்டிருந்தன. எதிர்க்கட்சி மசோதாவுக்கு எதிரி, அதனால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சில உறுப்பினர்கள் ஏற்ற பெயரைக் கையிலேயே எழுதிக்கொண்டார்கள்.

"எண் இருநூற்று எழுபத்தாறு. நிறைமதி, தகப்பனார் பெயர் சுடலைமுத்து, தூத்துக்குடி."

அவை ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு எல்லாத் தலைகளும் முதல் வரிசைக்குத் திரும்பின. நிறைமதி தன் முன்னால் இருந்த காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்கும் அதிர்ச்சிதான் என்பதை எபநேசர் பார்த்தான். அவள் கை தானாக மேலே போகப் பார்த்தது. தன் பெயரைத் தானே ஏற்க முடியாது என்பது அவளே எழுதிய விதி. கை இறங்கிவிட்டது.

இரண்டாவது முறையும் வாசித்தார்கள். யாரும் அசையவில்லை. அவளுடைய கட்சிக்காரர்கள், அவள் சொன்னால் கிணற்றில் குதிக்கிறவர்கள், கைகளை மடியில் வைத்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "இந்த மசோதாவே எங்களுக்கு வேண்டாம்!" என்று உடைந்த குரலில் கத்தினார். மேசைகளைத் தட்டி எல்லாரும் ஆமோதித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எபநேசருக்கு மனம் வரவில்லை. அவன் மனமும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தது.

சும்மா இருந்தால் போதும். இன்னொரு முறை வாசிப்பார்கள், மசோதா செத்துவிடும், அக்கா பிழைத்துவிடுவாள். ஒரு பயலும் அவனைக் குறை சொல்லப் போவதில்லை. அவள் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கடைசியில் அவனிடம் வந்து நின்றாள். அவன் கண்ணை விலக்கிக்கொண்டான். விலக்கிக்கொண்டபோதுதான் அவனுக்கு உறைத்தது. கெடப்போகிற நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. பிழைக்கப்போகிற இரண்டு லட்சம் பிள்ளைகளில் ஒருவர் பெயரையும் யாரும் வாசிக்கவில்லை. அவர்களுக்காக இந்த அறையில் பேச இருந்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆளின் கையை அவளுடைய விதியே கட்டிப் போட்டிருந்தது.

மூன்றாவது முறை வாசித்து முடிப்பதற்குள் எபநேசர் கை தூக்கினான். இரண்டு பக்கத்திலிருந்தும் அவனைத் துரோகி என்றார்கள். அவனுக்குக் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் பிரதமர் வீட்டுக்குப் போனான். காவலர்கள் வழக்கம்போல உள்ளே விட்டார்கள். வழக்கம்போல உள்ளே போகாமல், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று கூப்பிட்டான். நிறைமதி தானே வந்து கதவைத் திறந்தாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருந்தாள். அவன் கைகட்டி நின்றுகொண்டு, ஆயிரம் வீடுகளில் அவள் சொல்லிக் கேட்ட அதே வார்த்தைகளைச் சொன்னான்.

"அம்மா, எம்பேரு எபநேசர். நான் ஒரு சட்டத்துக்கு ஓட்டுப் போடப் போறேன். அதுல கெட்டுப் போறவிய பட்டியல்ல உங்க பேரு இருக்கு. பதினாலு மாசம் தாங்கும்னு பெட்டி சொல்லுது. தப்பு வந்தா நாந்தான் பொறுப்பு."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதான். நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, காவலர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதான். அவள் அவன் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"உள்ள வந்து உக்காருல" என்றாள்.

உட்கார்ந்ததும் அவளே பேசினாள். "உண்மையச் சொல்லுதேன் எபி. எம்பேரு வராதுன்னுதான் நெனச்சிருந்தேன். வெளிநாட்டுலேர்ந்து எனக்கு எப்படியும் ஊசி வந்துரும்னு தெரியும். வந்தா வாங்கிக்கிடுவோம்னுதான் உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. மசோதாவ எழுதையில அத நெனச்சு எனக்கே வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் அந்த நெனப்ப விட முடியல. பொறவு பெட்டி ஏன் எம்பேரப் போட்டுச்சு? அதுக்குக் கிறுக்கா?"

"நானும் கிறுக்குன்னுதான் நெனச்சேன்" என்றான் எபநேசர். "உங்க நாற்காலில வேற பதினோரு பேர உக்கார வச்சு ஓட்டிப் பாத்தேன் அக்கா. நல்லவிய, கெட்டவிய, எல்லாரையும். அவிய ஒருத்தர் பேரும் பட்டியல்ல வரல. வெளிநாட்டு மருந்து வருது, வாங்கிப் போட்டுக்கிடுதாவ, பொழச்சிக்கிடுதாவ. உங்களுக்கும் மருந்து வரத்தான் செய்யிது. ஒவ்வொரு தடவையும் நீங்க அத வேற யாருக்காவது குடுத்துருதிய. எத்தன தடவ ஓட்டினாலும் குடுத்துருதிய."

நிறைமதி ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டாள். வெளியே தோட்டத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"அப்போ நான் இருக்கதவிட என்னைய நல்லவளா நெனச்சிருக்கு அது" என்றாள்.

"ஆமா அக்கா."

"சரி. அதப் பொய்யாக்கிரக் கூடாது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாக்குமூலம் உண்டுல்லா எனக்கு? எழுதிக்கோ."

அவன் எழுதினான். எனக்குச் சாக விருப்பம் இல்லை. பிள்ளைகள் பிழைக்க இந்தச் சட்டம் நிறைவேறட்டும். வெளியிலிருந்து எவ்வளவு மருந்து வந்தாலும் பட்டியலில் உள்ள மற்ற நானூற்றுப் பதினோரு பேருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்னிடம் வர வேண்டும். என் பெயர் கடைசியாக நீங்கட்டும்.

எழுதிவிட்டு ஒரு தரம் படித்தான். இன்னொரு தரம் படித்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. நேற்று அவளுக்காக மேசையைத் தட்டின அத்தனை பேரும், வீதியில் அவளுக்காகத் தீக்குளிக்கிறேன் என்று கிளம்புகிற அத்தனை பேரும், இனிமேல் அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் முகம் தெரியாத நானூற்றுப் பதினோரு பேரை முதலில் காப்பாற்றியாக வேண்டும்.

"அக்கா, இது வாக்குமூலமா, மிரட்டலா?"

"ரெண்டுந்தான். அரசியல்வாதிகிட்ட வந்து இதக் கேக்கியே?" என்றாள். சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

சட்டம் நிறைவேறியது. தொழிற்சாலை காய்ச்சல் மருந்துக்கு மாறியது. உறுப்பினர்கள் வீடுகளுக்குப் போய்ச் செய்தி சொன்னார்கள். சொன்னதோடு இந்த முறை யாரும் ஊர் திரும்பவில்லை. ஒருவர் எங்கேயோ பூட்டிக் கிடந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் பூட்டை உடைத்து, ஓய்வுபெற்ற இரண்டு வேதியியல் பேராசிரியர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். துட்டிக் கட்சி என்று பெயர் வைத்த எதிர்க்கட்சித் தலைவரே வெளிநாட்டில் இருந்த தன் மருமகன் மூலமாக அறுபது ஊசிகளை வரவழைத்து, எந்த ஊர், எந்தப் பெயர் என்று எபநேசருக்குத் தொலைபேசியில் கேட்டார். பெட்டி தினமும் ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டு முந்நூறாயிற்று, நூற்றெழுபதாயிற்று, தொண்ணூறாயிற்று. பிள்ளைகள் வார்டுகளில் கட்டில்கள் காலியாகத் தொடங்கியிருந்தன.

நேற்று மாலை ஓட்டிப் பார்த்தபோது பட்டியலில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒன்று நிறைமதியின் பெயர். அவளுடைய வலது கையால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை. கையெழுத்தை இடது கையால் போடப் பழகிக்கொண்டிருக்கிறாள். எபநேசர் மற்ற முப்பத்தேழு முகவரிகளையும் எடுத்துக்கொண்டு, அவர்களுக்கான மருந்தைத் தேடி விமான நிலையத்துக்குக் கிளம்பினான்.